உலை என்று நான் படித்த அரைவட்டம்

ஜனவரி 17, வியாழன்

காலையிலிருந்து பனி. மூன்றாம் ஒத்திகைக் கூடத்தில் வெந்நீர்க் குழாய் சூடேறவே இல்லை. பெண்கள் காலுக்குக் கம்பளி உறை மாட்டிக்கொண்டே ஆடினார்கள். தனியாட்டத்தின் நடுவில் விளாதா மூன்றாவது தடவையாக நின்றுவிட்டாள்.

"கோச்சுக்காதீங்க கிலெப் ரொமானவிச். கதையில அப்பா கதவத் தொறந்துக்கிட்டுப் போயிட்டாரு. நான் அந்தக் கதவப் பாத்துத்தானே போகணும்? எதுக்கு ஜனங்களப் பாத்து ஓடி வர்றேன்?"

"தாள்ல அப்படித்தான் இருக்கு" என்றேன்.

எட்டு மாதமாக இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் ஆட்சி நடத்துகிறேன். யாரும் எதிர்த்துப் பேச முடியாது. தாளைப் படிக்கத் தெரிந்தவன் இந்த அரங்கில் நான் ஒருவன்தான்.

மதியம் நிகழ்ச்சிக் கையேட்டின் மெய்ப்பு வந்தது. என் கட்டுரை ஆறு பக்கம். நன்றாகத்தான் இருக்கிறது, நானே இரண்டு முறை படித்தேன். 1893இல் இதே மேடையில் ஆடிய 'கண்ணாடி ஊதுபவரின் மகள்', அந்தக் காலத்துக் குறிப்பாளர்கள் அசைவு அசைவாக எழுதிவைத்த தாள்களிலிருந்து, நூற்றுச் சொச்சம் ஆண்டுகளின் அழுக்கு நீக்கி மீட்கப்படுகிறது. அழுக்கு என்ற சொல்லை மூன்று இடங்களில் போட்டிருக்கிறேன். நாலாம் பக்கத்தில் இப்படி:

"இரண்டாம் அங்கத்தின் தனியாட்டத்தை எம்மா யூலியெவ்னா தம் ஞாபகத்திலிருந்து நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வந்தார். அடிகள் உண்மையானவை. திசை அவருடைய கற்பனை. பேரரசரின் இருக்கைக்கு முதுகு காட்டி ஒரு நடனக்காரி தொடக்கம் முதல் முடிவு வரை ஆடியிருப்பாள் என்று நம்ப இடமில்லை. அந்த முதுகு நம் காலத்தின் கண்ணீர்."

கடைசி வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மரியாதைக்காக எம்மா யூலியெவ்னாவுக்கும் ஒரு மெய்ப்பு அனுப்பினேன். எண்பத்து நாலு வயது. அச்சில் திடீரென்று பார்க்க வேண்டாமே என்றுதான்.

ஜனவரி 18

கையேடு அச்சுக்குப் போயிற்று. சுவரொட்டியிலிருந்து எம்மா யூலியெவ்னாவின் பெயர் எடுக்கப்பட்டது. கையெழுத்துப் போட்டது நான்.

ஜனவரி 22, செவ்வாய்

எங்கே தொடங்குவது.

மேடைத் தச்சர் சவேலி, அட்டை உலையை எந்த இடத்தில் திருகு போட்டு நிறுத்துவது என்று கேட்டு வந்தார். நல்ல மனுஷன், நக்கல் அதிகம். தனியாட்டத்தின் தரைப் படத்தை அவரிடம் காட்டினேன். ஒரு சதுரம், அதுதான் மேடை. குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு, அதுதான் பெண் ஆடிப் போகும் பாதை. மேல்விளிம்பின் நடுவில் சின்னதாக ஒரு அரைவட்டம். கதையில் கண்ணாடி உருக்கும் உலை இருப்பது மேடையின் பின்பக்கம் நடுவில். அதனால் அரைவட்டம் உலை, மேல்விளிம்பு மேடையின் பின்பக்கம். இதை வைத்துத்தான் நான் முழு ஆட்டத்தையும் எடுத்தேன்.

சவேலி தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது உலையா? யாரு சொன்னா?"

"நான்தான்."

"அதானே பாத்தேன். வாங்க இப்படி."

மேடையின் முன்விளிம்புக்குக் கூட்டிப் போய் நடுவில் பூட்ஸ் காலால் ஓங்கித் தட்டினார். சத்தம் பொள்ளென்று வந்தது. இரண்டு அடி தள்ளித் தட்டினார், கட்டியான சத்தம்.

"இங்கதான் கூண்டு இருந்துச்சு. பாட்டுக்காரங்க வரி மறந்துட்டா உள்ள உக்காந்திருக்கறவன் அடியெடுத்துக் குடுப்பான். எங்கப்பா காலத்துல மூடிப் பலகை அடிச்சிட்டாங்க. பழைய மேடைப் படம் எதுல வேணா பாருங்க, அந்தக் கூண்ட அரைவட்டமாத்தான் போட்டிருப்பாங்க. எங்க கூட்டத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

"அப்ப மேல்விளிம்புதான் மேடையோட முன்பக்கமா?"

"வேற என்ன? இத வரைஞ்சவன் மேடைக்குப் பின்னாடி நின்னு வரைஞ்சிருக்கான், எங்கள மாதிரி. மெத்த நாற்காலில உக்காந்து வரையல."

தாளைத் திருப்பிப் பிடித்தேன். அவ்வளவுதான். பெண் முன்மூலையில் தொடங்கிப் பின்மூலையில் இருக்கும் கதவை நோக்கிப் போகிறாள். தொடக்கம் முதல் முடிவு வரை நமக்கு முதுகு. எம்மா யூலியெவ்னா சொல்லிக்கொடுத்த அதே ஆட்டம்.

தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நான் ஒரு மனுஷியைப் பொய்யாக்கியிருக்கிறேன்.

ஜனவரி 23

விடிந்ததும் தாள்களை எல்லாம் பரப்பி உட்கார்ந்தேன். நாற்பது தாள்களில் முப்பத்தெட்டு ஒரே ஆள் கை, பார்வையாளர் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியது. இரண்டே இரண்டு வேறு கை. ஒன்று அந்தத் தனியாட்டம். இன்னொன்று காட்டுக் காட்சியில் இரண்டு கோமாளிகள் ஆடுவது. அது எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதிலும் மேல்விளிம்பில் அதே அரைவட்டம். காட்டில் ஏது உலை? மே மாதம் நான் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: "மரத்தின் அடிக்கட்டை?"

கேள்விக்குறி வேறு போட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியை யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த முதுகு போக வேண்டும் என்று நான் முதலிலேயே முடிவு கட்டியிருந்தேன். அழுக்கு இல்லாவிட்டால் அழுக்கு நீக்குகிறவனுக்கு என்ன வேலை?

பதினொரு மணிக்கு நிர்வாகி ஆர்சேனி பாவ்லவிச்சிடம் போய்ச் சொன்னேன். தாளை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை.

"ஒரு அரைவட்டத்துக்காக இப்ப நாடகத்தையே திருப்பச் சொல்றியா? பதினாறு நாள் இருக்கு. வெளக்கு, காட்சி எல்லாம் முன்ன வர்றதுக்கு ஏத்தாப்பல வச்சாச்சு. புத்தகம் அச்சாயாச்சு. முதல் காட்சி முடியட்டும் கிலெப். அப்புறம் ஆற அமரப் பேசிக்கலாம்."

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு மூச்சு லேசாயிற்று. அதைத்தான் இங்கே எழுதி வைக்க வேண்டும். லேசாயிற்று.

ஜனவரி 27, ஞாயிறு

வசீலியெவ்ஸ்கி தீவுக்குப் போனேன், எம்மா யூலியெவ்னா வீட்டுக்கு. சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். லிஃப்ட் ஓடவில்லை. நாலு மாடி ஏறும்போது வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே ஏறினேன்.

என்னைக் கிலெபுஷ்கா என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான். குழுநடனத்தில் கடைசி வரிசையில் நின்ற காலத்தில் என் முழங்காலைப் பிடித்துத் திருப்பியவர். தேநீர் ஊற்றினார், சின்னத் தட்டில் செர்ரிப் பழப்பாகு வைத்தார். நான் வாயைத் திறக்கும் முன் அவரே ஆரம்பித்தார்.

"உன் கட்டுரையப் பூதக்கண்ணாடி வச்சு ரெண்டு தடவ படிச்சேன். மொத நாள் கோவம் வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், உன்ன நல்லாத் திட்டினேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். வர்வாரா கஸ்பரோவ்னா எனக்கு அந்த ஆட்டத்தச் சொல்லிக் குடுத்தப்ப எனக்குப் பதினேழு வயசு. கண்ணாடி முன்னாடி நின்னுதான் கத்துக்கிட்டேன். கண்ணாடி எந்தச் சுவத்துல இருந்துச்சுன்னு இப்ப சத்தியமா ஞாபகமில்ல. கண்ணாடியப் பாத்து நான்தான் திசையத் திருப்பி வாங்கிட்டேன் போல."

"அப்படி இல்ல எம்மா யூலியெவ்னா..."

"சும்மா இரு, ஆறுதல் சொல்லாத. நாப்பது வருசமாப் புள்ளைங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கேனே, வெக்கமா இருக்குடா எனக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பதினோரு பேருக்குக் கடிதம் எழுதிட்டேன். பெர்ம்ல பள்ளிக்கூடம் நடத்தறாளே ரீத்தா, அவளுக்கு. மின்ஸ்க்ல ஒருத்தி. எல்லாருக்கும். நான் சொன்னது தப்பு, மன்னிச்சிருங்க, உங்க புள்ளைங்களுக்குச் சரியாச் சொல்லிக் குடுங்கன்னு."

"தபால்ல போட்டுட்டீங்களா?"

"முந்தாநாளே."

முந்தாநாள் என்றால் இருபத்தைந்து. எனக்குத் தெரிந்தது இருபத்திரண்டு. நடுவில் மூன்று நாள் இருந்தன. பழப்பாகை ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். ஆமாம், வைத்தேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

ரொட்டி வாங்க அவரும் என்னோடு கீழே வந்தார். கதவருகே அவருடைய கோட்டை எடுத்துப் பிடித்தேன். எப்போதும் போலத் திரும்பி நின்று, பார்க்காமலே இரண்டு கையையும் பின்னால் நீட்டினார். வலது தோள் அவருக்கு மடங்காது, அதனால் வலக்கை முதலில்.

"கோட்டுப் புடிக்கறத வச்சே சொல்லிடலாம், ஒரு ஆம்பள ஜோடி ஆட்டத்துக்கு ஆவானா மாட்டானான்னு" என்றார். "நீ சுமாரா ஆடினே. ஆனா ஒரு நாளும் யாரையும் கீழ போட்டதில்ல."

ஜனவரி 28

சொல்லவில்லை.

பிப்ரவரி 3

விளாதா விடுவதாக இல்லை.

"கேளுங்களேன். புல்லாங்குழல் போகப் போகச் சன்னமாகுது. நானோ கிட்ட வந்துக்கிட்டே இருக்கேன். கிட்ட வர்றவளுக்கு எதுக்குச் சத்தம் கொறையணும்? இது போறவளுக்கு எழுதின பாட்டு மாதிரி இல்ல?"

இருபத்திரண்டு வயதுப் பெண், தாளைப் படிக்கத் தெரியாது. காது இருக்கிறது, கேட்கிறாள். எனக்கும் காது இருக்கிறது.

"தாள்ல அப்படித்தான் இருக்கு" என்றேன். இந்த முறை தெரிந்தே சொன்னேன்.

பிப்ரவரி 8, வெள்ளி

முதல் காட்சி. அமோக வெற்றி. விளாதா எங்களைப் பார்த்து ஆடி வந்தாள், அரங்கம் எழுந்து நின்றது. இடைவேளையில் ஒரு விமர்சகர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "கடைசியில அந்தப் பொண்ணு நம்மளப் பாக்கறா! இத்தன வருசம் நம்ம கிட்டேருந்து மூஞ்சிய மறச்சுட்டாங்களே!"

முடிவில் மேடைக்கு இழுத்தார்கள். வணங்கினேன். காலுக்குக் கீழே பலகை பொள்ளென்று இருந்தது. அந்தக் கூண்டின் மேல்தான் நின்றிருக்கிறேன்.

எம்மா யூலியெவ்னா நடைவழியில் எனக்காகக் காத்திருந்தார். பூ வாங்கி வந்திருந்தார், எனக்கு.

"நீ செஞ்சதுதான் சரி கிலெபுஷ்கா. என் கண்ணுக்குத்தான் பழகல. ரீத்தா பதில் போட்டிருக்கா. என் கடிதம் கெடச்ச அன்னிக்கே புள்ளைங்களுக்கு மாத்திச் சொல்லிக் குடுத்துட்டாளாம். பாரு, எவ்வளவு நல்லவ. ஒரு வார்த்த என்னக் குத்திப் பேசல."

பூவை வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 9

தூங்கலை. என்ன மனுஷன்டா நீ? தப்பாப் படிச்சது சரி, எவனும் படிப்பான், அந்த அரைவட்டம் யாருக்கும் உலைன்னுதான் தோணும். ஆனா அந்தப் பழப்பாகு? அந்தப் பூ? பெர்ம்ல இப்ப பத்துப் பன்னெண்டு சின்னப் பொண்ணுங்க தப்பான பக்கம் திரும்பி ஆடுதுங்க. ஒரு நூத்து முப்பது வருஷம் யாரோ யாருக்கோ சரியாக் கொடுத்துக் கொடுத்து வந்தது. நான் வந்து ஒரு மாசத்துல...

அழுக்கு அழுக்குன்னு எழுதினியே. பூவைத் தண்ணியில கூட வைக்கலை.

பிப்ரவரி 12, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

செவ்வாய்தோறும் அவர் காலை வகுப்பைப் பார்க்க வருவார். வகுப்பு முடிந்ததும் வெறும் மேடைக்கு அழைத்துப் போனேன். சவேலி போலவே காலால் தட்டிக் காட்டினேன். தாளைக் கொடுத்தேன், திருப்பிப் பிடிக்கச் சொன்னேன். மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. கோட்டின் மேல் விரலை வைத்து முன்மூலையிலிருந்து கதவு வரை மெல்லக் கொண்டுபோனார். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டே போனார்.

"அப்ப கண்ணாடி கதவுப் பக்கச் சுவத்துலதான் இருந்திருக்கு. நான் சரியாத்தான் கத்துக்கிட்டிருக்கேன்" என்றார். முகம் அப்படி மலர்ந்தது. அந்த முகத்தோடு நான் தப்பித்திருக்கலாம்.

பிறகு கேட்டார்: "எப்பத் தெரியும் உனக்கு?"

"ஜனவரி இருபத்திரண்டு."

யோசித்தார். எண்பத்து நாலு வயதில் தேதிக் கணக்கு அவ்வளவு வேகமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"கடிதத்தத் தபால்ல போடறதுக்கு முன்னாடி."

"ஆமா."

"எங்க வீட்டுக்கு வந்தது அதுக்குப் பின்னாடி."

"ஆமா."

"நான் அழுதுக்கிட்டே சொன்னேன். நீங்க சாப்பிட்டுக்கிட்டே கேட்டீங்க."

நீங்க. முப்பது வருடத்தில் முதல் தடவை. மன்னிப்பு என்று ஏதோ உளறினேன். அவர் காது கொடுக்கவில்லை. தாளை மடிக்காமல், கசங்காமல் என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

வாசலில் கோட்டை எடுத்துப் பிடித்தேன். என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். "வேண்டாம் கிலெப் ரொமானவிச்." தானே போட்டுக்கொண்டார். வலது தோள் நுழையவில்லை. சுவரில் சாய்ந்து, இடது கையால் இழுத்து இழுத்து... வெகுநேரம் ஆயிற்று. வாசல்காரர், நான், இரண்டு பையன்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கிட்டப் போக யாருக்கும் தைரியம் வரவில்லை.

பிப்ரவரி 14

வாசல்காரரிடம் ஓர் உறை. உள்ளே அவர் கையெழுத்தில் பதினோரு முகவரி. வேறு ஒரு எழுத்து இல்லை.

பிப்ரவரி 16

பதினோரு கடிதத்தையும் கையால் எழுதினேன். ஒவ்வொன்றிலும் அதே விஷயம்: அவர் சொல்லிக்கொடுத்தது சரி, பிழை என்னுடையது, தெரிந்த பிறகும் மறைத்ததும் நான். கடைசிப் பகுதியை முதல் இரண்டில் விட்டுவிட்டேன். ஐந்தாவது எழுதும்போது அந்த இரண்டையும் கிழித்து மறுபடி எழுதினேன்.

பிப்ரவரி 20, புதன்

ரீத்தா பெர்மிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"கடிதம் வந்துச்சு. மறுபடியும் திருப்பிட்டோம். புள்ளைங்க சிரிக்குதுங்க. டீச்சர், இது ஆட்டமா காத்தாடியான்னு கேக்குதுங்க." பிறகு சொன்னாள்: "அவங்க எழுதின கடிதத்த நீங்க படிக்கணும் கிலெப் ரொமானவிச். அனுப்பி வைக்கறேன்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அனுப்பச் சொன்னேன்.

ஆர்சேனி பாவ்லவிச் வேறு கத்தினார். கையேட்டில் ஒட்டத் திருத்தச் சீட்டு ஒன்றை நானே எழுதி, நானே செய்தித்தாளுக்கும் கொடுத்துவிட்டேன். "யாருடா உன்னக் கேட்டா? ஊரே கை தட்டிட்டிருக்கு, நீயா போய்த் தலையில மண்ண வாரிப் போட்டுக்கறே!" இலையுதிர் காலத்துக்கு என் பெயரில் இருந்த அடுத்த பாலே இனி என்னிடம் இல்லை. நாட்டில் இந்தத் தாள்களைப் படிக்கத் தெரிந்த மற்ற மூவரில், வெளியூர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று. தனியாட்டத்தை மட்டும் மார்ச்சில் திருப்ப அனுமதித்தார். ஊருக்கே தெரிந்த பிறகு வேறு வழியில்லை.

மார்ச் 6

எம்மா யூலியெவ்னா விளாதாவுக்குச் சொல்லிக்கொடுக்க வருகிறார். நான் கூடத்துக்குள் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்கிறார். நான் வெளியே போனதும் குரல் கேட்கிறது: "கழுத்து! கழுத்துதான் அழணும், தோள் அழக் கூடாது!" நடைவழியில் நின்று கேட்டுவிட்டுப் போகிறேன்.

சுவரொட்டியில் அவர் பெயரைத் திரும்பப் போடக் கேட்டேன், விளாதா வழியாக. பதிலும் விளாதா வழியாகவே வந்தது. "என் பேரு எதுக்கு, நானா செஞ்சேன்? வர்வாரா கஸ்பரோவ்னா பேரப் போடச் சொல்லு. அவங்க பேரு இதுவரைக்கும் எதுலயும் வந்ததில்ல." போட்டாயிற்று.

ரீத்தா அனுப்பிய கடிதம் வந்தது. ஒரு பக்கம்தான். மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அதிலிருந்து எதையும் இங்கே எழுத மாட்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

பகல் காட்சி. கடைசி வரிசையில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தேன். எம்மா யூலியெவ்னா மூன்றாவது வரிசையில்.

தந்தை கதவைத் திறந்துகொண்டு போனார். விளாதா முன்மூலையிலிருந்து திரும்பினாள். பிறகு அவள் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. என் பக்கத்து அம்மாள் கணவரை இடித்தாள். "என்னங்க இது, முதுகையே காட்டறா? மூஞ்சி பாக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்?" புல்லாங்குழல் சன்னமாகிக்கொண்டே போயிற்று. பாதி மேடை தாண்டியதும் அந்த அம்மாள் பேசுவதை நிறுத்திவிட்டாள். கதவருகே விளாதாவின் கழுத்து மட்டும் கொஞ்சம் சாய்ந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கைதட்டலும் உடனே வரவில்லை. பக்கத்து அம்மாள் கைப்பையில் கைக்குட்டையைத் தேடினாள்.

நூற்று முப்பது வருடம் பலர் பத்திரமாக வைத்திருந்ததை நான் அழிக்கப் பார்த்தேன். அந்த நினைப்பு எங்கேயும் போகப் போவதில்லை.

முடிந்ததும் கோட்டு வாங்கும் இடத்தில் நெரிசல். வரிசையில் எனக்கு முன்னால் எம்மா யூலியெவ்னா நிற்பது அருகில் போன பிறகுதான் தெரிந்தது. பின்வாங்க இடமில்லை. பணிப்பெண் அவருடைய கோட்டைத் தடுப்புப் பலகையில் வைத்தாள். அவர் அதை எடுக்கவில்லை. நானும் கை நீட்டவில்லை. நீட்ட எனக்கு என்ன உரிமை இருக்கிறது.

கைத்தடியைப் பலகையில் மாட்டினார். கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி நின்று, இரண்டு கையையும் பின்னால் நீட்டினார்.

"என்ன பாத்துக்கிட்டே நிக்கறே? வாசல்ல காத்தடிக்குது."

கோட்டை எடுத்துப் பிடித்தேன். வலக்கை முதலில்.